சைக்காலஜி என்ட்ரன்ஸுக்கு எந்தெந்த டெர்ம்ஸ் கட்டாயம் தெரியணும்?

கேள்வி, ஜூலை 2, இரவு 9.40

சைக்காலஜி மேற்படிப்புக்கு என்ட்ரன்ஸ் எழுதப் போறேன், இன்னும் பதினோரு வாரம் இருக்கு. 500 கலைச்சொல் இருக்கற ஒரு லிஸ்ட் கைல இருக்கு, அகர வரிசைல ஒரு நாளைக்குப் பத்துன்னு மனப்பாடம் பண்ணிட்டு வர்றேன். டெபனிஷன் எல்லாம் மனசுல ஏறிட்டா சீட் கிடைச்சிடும்னு நம்பறேன். இதுல எதை விடலாம், எதை விடவே கூடாது?

ஜூலை 2, இரவு 11.15

முதல்ல விட வேண்டியது அந்த அகர வரிசையை. நான் முதல் தடவை எழுதினப்போ அப்படித்தான் படிச்சேன், அறுநூறு கார்டு, முன்பக்கம் டெர்ம் பின்பக்கம் டெபனிஷன், எதை உருவினாலும் பதில் சொல்லிடுவேன். ஹால்ல பேப்பரைப் பிரிச்சா டெபனிஷன் கேட்ட கேள்வி கொஞ்சம்தான் இருந்துது. மீதி எல்லாம் ஒரு சின்ன சம்பவம், அதுக்குக் கீழ நாலஞ்சு ஆப்ஷன், அதுல ரெண்டைப் பார்த்த உடனே தள்ளிடலாம், மிச்சம் இருக்கறது ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். அங்கதான் மார்க் போச்சு. ரெண்டோட டெபனிஷனும் எனக்குத் தெரியும், ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சு எங்க பிரியுதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

அதனால என் பதில் இதுதான்: டெர்மை ஒத்தையா படிக்காதீங்க, ஜோடியா படிங்க. எதோட குழம்புமோ அதைப் பக்கத்துலயே எழுதுங்க.

ஜூலை 3, காலை 6.30

ராத்திரி தூக்கக் கலக்கத்துல முடிச்சிட்டேன், உதாரணமே சொல்லல. எல்லா என்ட்ரன்ஸ்லயும் வர்றது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். பத்துல ஏழு பேராவது இதை தண்டனைன்னு நினைக்கறாங்கன்னு எழுத வந்தேன், அது நான் கூடப் படிச்சவங்களைப் பார்த்து சொல்ற கணக்கு, அதனால அந்த எண்ணை விட்டுடுங்க. நானே அப்படித்தான் நினைச்சிருந்தேன், நெகட்டிவ்னு பேர்லயே இருக்கே.

என்னைக் காப்பாத்தினது தமிழ் வார்த்தை. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டுக்கு நம்ம பாடப்புத்தகத்துல வலுவூட்டல்னு போட்டிருக்கும். வலுவை ஊட்டறது. அப்போ முன்னால பாசிட்டிவ் வந்தாலும் சரி நெகட்டிவ் வந்தாலும் சரி, நடத்தைக்கு வலு ஏறணும், அது அடிக்கடி நடக்கணும். தண்டனைன்னா நடத்தை குறையணும். தலைவலிக்கு மாத்திரை போட்டேன், வலி போச்சு, அடுத்த தடவை தலை வலிக்க ஆரம்பிச்ச உடனே கை மாத்திரைக்குப் போகுது. ஒண்ணு விலகிச்சு, நடத்தை கூடிச்சு. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். நடத்தையை ஆராய்ஞ்ச ஸ்கின்னரோட நாலு கட்டத்தையும் (பாசிட்டிவ், நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், பாசிட்டிவ், நெகட்டிவ் பனிஷ்மென்ட்) இப்படியே ரெண்டு கேள்வில பிரிச்சிடலாம்: ஏதாவது சேர்ந்துதா விலகிச்சா? நடத்தை கூடிச்சா குறைஞ்சுதா? பையன் ராத்திரி லேட்டா வந்தான்னு போனைப் பிடுங்கி வச்சு, அவன் லேட்டா வர்றது குறைஞ்சா, விலகிச்சு, குறைஞ்சுது, அது நெகட்டிவ் பனிஷ்மென்ட்.

ஜூலை 3, மதியம் 1.05

அந்த பாசிட்டிவ், நெகட்டிவ் விஷயத்துல இன்னொண்ணு. சைக்காலஜில எங்க அந்த ரெண்டு வார்த்தை வந்தாலும் நல்லது கெட்டதுன்னு படிக்காம கூட்டல் கழித்தல்னு படிங்க, பாதி தப்பு ஓடிடும். ஸ்கிட்ஸோஃப்ரீனியாவுல பாசிட்டிவ் சிம்ப்டம்னா இயல்பா இல்லாதது வந்து சேர்றது, காதுல குரல் கேக்கறது, டெலூஷன்னு சொல்ற அசைக்க முடியாத தப்பான நம்பிக்கை இதெல்லாம். நெகட்டிவ் சிம்ப்டம்னா இயல்பா இருந்தது போயிடறது, முகத்துல உணர்ச்சி இல்லாம போறது, பேச்சு சுருங்கறது, எதுலயும் நாட்டம் இல்லாம போறது.

ரெண்டு விஷயம் எவ்வளவு சேர்ந்து மாறுதுன்னு சொல்ற கோரிலேஷன்லயும் கிட்டத்தட்ட அப்படித்தான். மைனஸ் 0.8 பலமா பிளஸ் 0.5 பலமான்னு கேட்டா மைனஸ் 0.8 தான் பலம். குறி திசையைச் சொல்லுது, எண் பலத்தைச் சொல்லுது.

இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. ஸ்கிட்ஸோஃப்ரீனியாங்கற பேரை மனநல மருத்துவர் ப்ளாய்லர் 1908ல வச்சப்போ 'பிளவு'ங்கற அர்த்தத்துல வச்சார். யோசனை, உணர்ச்சி இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிணைப்பு விட்டுப் போறதைச் சொன்னார். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு மூணு ஆள் இருக்கறது வேற நோய், அது டிஸ்ஸோஷியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர். தமிழ்ல மனச்சிதைவுன்னு சொல்றது இந்தக் குழப்பம் வராம நல்லாவே இருக்கு.

ஜூலை 5, இரவு 10.20

ப்ரோஆக்டிவ், ரெட்ரோஆக்டிவ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது ஒரு ஞாபகம் இன்னொண்ணைக் கெடுக்கறது, அதைக் கேட்டிருந்தீங்க. இதை எனக்கு முன்னோக்கு, பின்னோக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க, அதுலதான் நான் சிக்கினேன். காரணம் நம்ம 'முன்'ங்கற வார்த்தை. "முன்னாடி படிச்சது"ன்னா கடந்த காலம், "முன்னாடி போ"ன்னா போகப்போற திசை. ஒரே வார்த்தை ரெண்டு பக்கமும் கை காட்டுது. அதனால மொழிபெயர்ப்பை ஓரமா வச்சிட்டு யார் யாரைக் கெடுக்கறாங்கன்னு மட்டும் கேட்டேன்.

பாஸ்வேர்டை மாத்தி ஒரு வாரம் ஆச்சு, ஆனா விரல் பழைய பாஸ்வேர்டையே அடிக்குது. பழசு புதுசைக் கெடுக்குது, ப்ரோஆக்டிவ். ஆறு மாசம் கழிச்சு யாரோ பழைய பாஸ்வேர்ட் என்னன்னு கேக்கறாங்க, புதுசு மட்டும்தான் ஞாபகம் வருது. புதுசு பழசைக் கெடுக்குது, ரெட்ரோஆக்டிவ். பேர்ல எது இருக்கோ அது கெடுதல் போற திசை: ரெட்ரோன்னா பின்னால போய்க் கெடுக்குது.

அம்னீஷியா, அதாவது ஞாபக இழப்பு, அந்த ஜோடியும் இதே திசைதான். ரெட்ரோக்ரேட்னா அடிபடறதுக்கு முன்ன இருந்த ஞாபகம் போறது, ஆன்டிரோக்ரேட்னா அதுக்கப்புறம் புதுசா ஞாபகம் சேராம போறது.

ஜூலை 5, இரவு 11.50

படுத்தும் தூக்கம் வரல, எச்.எம். பத்தி எழுதாம ஆன்டிரோக்ரேட்டை விட்டுட்டேன். ஹென்றி மொலைசன், வலிப்பு நோய்க்காக 1953ல மூளைல ரெண்டு பக்கமும் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் இருக்கற பகுதியை எடுத்தாங்க, அப்போ அவருக்கு வயசு 27. அதுக்கப்புறம் 2008ல இறக்கற வரைக்கும் புதுசா சந்திச்ச ஆளையோ நடந்த விஷயத்தையோ அவரால தக்க வச்சுக்க முடியல. ப்ரெண்டா மில்னர்ங்கற உளவியலாளர் அவருக்கு ஒரு நட்சத்திரம் வரைஞ்ச தாளைக் குடுத்து, கண்ணாடில தெரியற பிம்பத்தை மட்டும் பார்த்து கோட்டு மேலயே வரையச் சொன்னாங்க. நாளுக்கு நாள் தப்பு குறைஞ்சுது. ஆனா ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை செய்யற மாதிரிதான்.

இதை நான் முதல்ல படிச்சப்போ புத்தகத்தை மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். கைக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல. இந்த ஒரு மனுஷனை நினைவு வச்சா ஆறு டெர்ம் தானா வந்து ஒட்டிக்கும்: ஹிப்போகாம்பஸ், ஆன்டிரோக்ரேட் அம்னீஷியா, எக்ஸ்ப்ளிசிட் மெமரி (தெரிஞ்சே நினைவுக்குக் கொண்டு வர்றது), இம்ப்ளிசிட் மெமரி (தெரியாமலே வேலை செய்யறது), டிக்ளரேட்டிவ் (வாயால சொல்லக்கூடியது), ப்ரொசீஜரல் (கைப்பழக்கம்).

ஜூலை 6, மாலை 5.00

நேத்து எழுதினதைப் படிச்சுப் பார்த்தேன். எல்லாம் ஜோடின்னு ஆரம்பிச்சேன், எச்.எம். எந்த ஜோடிலயும் இல்ல. அதனால என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கறேன். குழம்பற டெர்மை ஜோடியா படிங்க, மீதியை ஒரு ஆளோடயோ ஒரு சோதனையோடயோ கட்டி வைங்க. வெறும் டெபனிஷனா மனசுல போட்டது எனக்கு மூணு நாள் தாங்கல, கதையா போட்டது பல வருஷம் ஆகியும் இருக்கு.

ஐகானிக் மெமரி, அதாவது கண்ணால பார்த்தது ஒரு கணம் அப்படியே நிக்கறது, அதுன்னா ஸ்பெர்லிங், 1960. பன்னெண்டு எழுத்து, மூணு வரிசை, கண் சிமிட்டற நேரம் காட்டி மறைச்சார். எல்லாத்தையும் சொல்லுன்னா நாலு போல சொன்னாங்க. எழுத்து மறைஞ்ச உடனே ஒரு ஒலி எழுப்பி, அந்த ஒலிக்கு உண்டான வரிசையை மட்டும் சொல்லச் சொன்னா, எந்த வரிசையைக் கேட்டாலும் பெரும்பாலும் சொல்லிட்டாங்க. அப்போ பன்னெண்டுமே ஒரு நொடி உள்ள இருந்திருக்கு, வாயால சொல்லி முடிக்கறதுக்குள்ள அழிஞ்சிருக்கு.

டேஸ்ட் அவெர்ஷன், அதாவது ஒரு ருசி மேல வெறுப்பு வர்றது, அதுன்னா கார்ஸியா, கெல்லிங், 1966. எலிக்கு ருசியும் குமட்டலும் சட்டுனு சேர்ந்துக்குது, ஒளி ஒலியும் ஷாக்கும் சேர்ந்துக்குது, மாத்திப் போட்டா சேர மாட்டேங்குது. எதை வேணா எதோட வேணா சேர்த்துப் பழக்கி கண்டிஷன் பண்ணிடலாம்ங்கற நினைப்பு இதுல அடி வாங்கிச்சு.

ஜூலை 8, காலை 7.10

பாவ்லவ் எனக்கு அத்துபடின்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அத்துபடியா இருக்கறவங்கதான் இதுல மார்க்கை விடறாங்க, நானும் விட்டிருக்கேன். மணி ஓசையோட சோறு போட்டுப் பழக்கினா, மணி கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும்ங்கற பாடம்தான் அது, ஆனா கேள்வில நாய், மணி இருக்காது. ஊசி போடற இடத்துல அடிக்கற மருந்து வாசனை வந்தாலே குழந்தை அழுதுன்னு வரும், அன்கண்டிஷன்ட், கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ் (தூண்டல்), ரெஸ்பான்ஸ் (எதிர்வினை), இந்த நாலுல எது எதுன்னு கேப்பாங்க. யாரும் கத்துக்குடுக்காம தானா வர்றது எதுன்னு முதல்ல தேடுங்க: ஊசி குத்தினா வலி, அழுகை. அது அன்கண்டிஷன்ட் ஜோடி. மருந்து வாசனை கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ், அந்த வாசனைக்கு வர்ற அழுகை கண்டிஷன்ட் ரெஸ்பான்ஸ். அழுகை ரெண்டு இடத்துலயும் ஒண்ணு மாதிரி தெரியும், எதைப் பார்த்து வருதுங்கறதுதான் பேரைத் தீர்மானிக்குது.

பாவ்லவுக்கு 1904ல நோபல் பரிசு கிடைச்சது ஜீரண ஆராய்ச்சிக்கு, கண்டிஷனிங்குக்குன்னு ஆப்ஷன் வந்தா தொடாதீங்க.

ஜூலை 9, இரவு 9.30

வளர்ச்சி உளவியல். குழந்தைங்க யோசிக்கறது எப்படி வளருதுன்னு ஆராய்ஞ்ச பியாஜேயோட அசிமிலேஷன், அக்காமடேஷன் எனக்குப் புத்தகத்துல புரியல, அக்கா பையன்கிட்டதான் புரிஞ்சுது. அப்போ அவனுக்கு ஒண்ணரை வயசு, நாயைப் பார்த்தா பௌ பௌன்னுவான். ஒரு நாள் மாட்டைப் பார்த்தான், விரலை நீட்டி பௌ பௌ. நாலு கால், வால், தலைல இருக்கற டப்பாவுக்குள்ள சரியா உக்காருது, போட்டுட்டான். அது அசிமிலேஷன். நாங்க மா, மான்னு சொல்லிட்டே இருந்தோம். சில வாரம் கழிச்சு திரும்பவும் மாடு, விரலை நீட்டி "பௌ"ன்னு ஆரம்பிச்சு பாதியில நின்னுட்டான். என் முகத்தைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், அப்புறம் மெதுவா "மா". அந்த நிறுத்தம் என் கண்ணுலயே நிக்குது. டப்பா பத்தலன்னு தெரிஞ்சு புது டப்பா செஞ்ச நிமிஷம் அது, அதுதான் அக்காமடேஷன்.

ஒரு எச்சரிக்கை. இதே காட்சியை மொழி வளர்ச்சில கேட்டா பதில் ஓவர்எக்ஸ்டென்ஷன், ஒரு வார்த்தையைத் தேவைக்கு மேல நீட்டிப் பயன்படுத்தறது. அதனால காட்சியைப் பார்த்த உடனே விடையை முடிவு பண்ணாம ஆப்ஷன் எந்தத் துறைல இருந்து வந்திருக்குன்னு பாருங்க.

எரிக்ஸனோட எட்டு வளர்ச்சி நிலை, கோல்பெர்க்கோட ஒழுக்க வளர்ச்சி, ஐன்ஸ்வர்த்தோட தாய் சேய் பிணைப்பு, இதெல்லாம் டேபிள் போட்டுப் படிச்சா போதும், நான் பெருசா சொல்ல எதுவும் இல்ல.

ஜூலை 12, மதியம் 3.45

சோஷியல் சைக்காலஜி. கோட்டு நீளத்தை ஒப்பிடச் சொன்ன ஆஷ் சோதனைல 75 சதவீதம் பேர் கூட்டம் சொன்ன தப்பான பதிலையே சொன்னாங்க, இன்னொருத்தருக்கு ஷாக் குடுக்கச் சொல்லி உத்தரவு போட்ட மில்கிராம் சோதனைல 65 சதவீதம் பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. கன்ஃபார்மிட்டின்னா சமமானவங்க கூட்டத்துக்கு வளையறது, ஒபீடியன்ஸ்னா அதிகாரத்துக்கு வளையறது.

காக்னிட்டிவ் டிஸ்ஸொனன்ஸ் கட்டாயம், நினைக்கறதும் செய்யறதும் முரண்படறப்போ வர்ற உறுத்தல் அது. ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித், 1959. ஒரு மணி நேரம் உயிரை எடுக்கற வேலை குடுத்து, அடுத்து வர்றவங்ககிட்ட வேலை சுவாரசியமா இருந்துதுன்னு சொல்லச் சொன்னாங்க, சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். அப்புறம் உண்மையில எப்படி இருந்துதுன்னு கேட்டா, 1 டாலர் வாங்கினவங்கதான் நல்லா இருந்துதுன்னு அதிகமா சொன்னாங்க. 20 டாலர் வாங்கினவங்களுக்குப் பொய்க்குக் காரணம் இருக்கு. 1 டாலருக்காக பொய் சொன்னேன்னு ஏத்துக்க மனசு வரல, அதனால எண்ணமே மாறிடுது. இதுக்குப் பக்கத்துல குழம்பறது பெம் சொன்ன செல்ஃப் பெர்செப்ஷன். அங்க உள்ளுக்குள்ள உறுத்தல் கிடையாது, நான் செஞ்சதை வெளியாள் மாதிரி பார்த்து "ஓ, எனக்கு இது பிடிக்கும் போல"ன்னு முடிவு பண்றது. கேள்வில உறுத்தல், சங்கடம்னு ஏதாவது இருந்தா டிஸ்ஸொனன்ஸ்.

ஜூலை 12, இரவு 8.10

மதியம் எழுதினதுல ஒரு தப்பு, ஒருத்தர் சுட்டிக் காட்டினார், அவருக்கு ரொம்ப நன்றி. ஆஷ்ல 75 சதவீதம்ங்கறது ஒரு தடவையாவது கூட்டத்தோட போனவங்க. கூட்டம் தப்பா சொன்ன சுற்றுகள்ல வந்த மொத்தப் பதில்களை எடுத்துக்கிட்டா மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் கூட்டத்துப் பக்கம் விழுந்துது, மீதி எல்லாம் சரியான பதில். நான் எழுதின மாதிரி படிச்சா முக்கால்வாசி பேர் எப்பவுமே வளைஞ்ச மாதிரி ஆயிடும். ரெண்டு எண்ணும் ஆப்ஷன்ல வரலாம், கேள்வி ஆளைக் கேக்குதா பதிலைக் கேக்குதான்னு பாருங்க. மில்கிராம் சரிதான், 40 பேர்ல 26 பேர், 1963ல வெளியானது.

ஜூலை 16, காலை 6.00

பலபேர் ஒதுக்கற இடம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மெத்தடாலஜி. ஒதுக்காதீங்க, ரெண்டாவது தடவை என்னைக் கரை சேர்த்ததுல இதுக்குப் பெரிய பங்கு.

டைப் 1, டைப் 2 எரர், ஆய்வு முடிவுல வர்ற ரெண்டு வகைத் தப்பு. தமிழ்ல ஒரு வரி போதும்: இல்லாததை இருக்குன்னு சொன்னா முதல் வகை, இருக்கறதை இல்லன்னு சொன்னா ரெண்டாவது வகை. ஆல்ஃபா 0.05ன்னா, உண்மையில வித்தியாசமே இல்லாதப்போ இருக்குன்னு சொல்லிடற வாய்ப்பு 5 சதவீதம் வரைக்கும் போகட்டும்னு ஒத்துக்கறது. பவர்னா இருக்கறதை இருக்குன்னு கண்டுபிடிக்கற திறன், சாம்பிள் பெருசானா கூடும்.

இதை எழுதிட்டு இருக்கறப்போதான் ஒண்ணு கண்ணுல பட்டுது. பெர்செப்ஷன் பாடத்துல சிக்னல் டிடெக்ஷன் இருக்கே, ஒரு சிக்னல் வந்துதா இல்லையான்னு சொல்றது, ஹிட், மிஸ், ஃபால்ஸ் அலாரம், கரெக்ட் ரிஜெக்ஷன், அதே நாலு கட்டம்தான் இது. ஃபால்ஸ் அலாரம்தான் டைப் 1, மிஸ்தான் டைப் 2, ஹிட்தான் பவர். ரெண்டு பாடமா பிரிச்சு ரெண்டு தடவை கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணியிருக்கேன், ஒரே டேபிளா போட்டிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்.

ரிலையபிலிட்டி, வேலிடிட்டி: எப்பவும் சரியா பத்து நிமிஷம் கூடுதலா காட்டற கடிகாரம் நம்பகமானது, அது ரிலையபிலிட்டி, ஆனா மணியைச் சரியா காட்டல, அதனால வேலிடிட்டி இல்ல. ரேண்டம் சாம்ப்ளிங்னா யாரை ஆய்வுக்குள்ள கூப்பிடறோம்ங்கறது, ரேண்டம் அசைன்மென்ட்னா வந்தவங்களை எந்தக் குரூப்ல போடறோம்ங்கறது. முதலாவது இருந்தா முடிவை மத்தவங்களுக்கும் பொருத்தலாம், ரெண்டாவது இருந்தா இதனாலதான் அது நடந்துதுன்னு காரணம் சொல்லலாம்.

ஜூலை 16, இரவு 10.40

மீடியேட்டர், மாடரேட்டர் விட்டுப் போச்சு. மன அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்குது, தூக்கம் கெட்டதால மார்க் குறையுது, அப்போ தூக்கம் மீடியேட்டர், நடுவுல நின்னு எப்படி நடந்துதுன்னு சொல்லுது. நண்பர்கள் ஆதரவு இருக்கறவங்களுக்கு அழுத்தத்தால மார்க் அவ்வளவு குறையல, இல்லாதவங்களுக்கு நிறைய குறையுதுன்னா ஆதரவு மாடரேட்டர், யாருக்கு எவ்வளவுன்னு சொல்லுது.

ஜூலை 21, இரவு 9.15

மூணா வர்றதும் உண்டு, எமோஷன் தியரி. ரெண்டாவது தடவை எழுதப் போன அன்னிக்கு லேட் ஆகி மூணு மாடி ஓடி ஏறி சீட்ல உக்காந்தேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது, பேப்பரைப் பார்க்கறதுக்கு முன்னாடியே பயந்துட்டேன், இந்தத் தடவையும் போச்சுன்னு. ஜேம்ஸ், லாங்கே சொல்றபடி பார்த்தா படபடப்பு முதல்ல, அதை உணர்றதுதான் பயம். கேனன், பார்ட் சொல்றபடி ரெண்டும் ஒரே நேரத்துல. ஷாக்டர், சிங்கர் 1962ல சொன்னது, படபடப்பு வரும், சுத்தி முத்தி பார்த்து அதுக்கு நாமளே ஒரு பேர் வைப்போம். நான் ஹாலைப் பார்த்து பயம்னு வச்சிட்டேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு, இது படி ஏறின மூச்சு வாங்கல்தானேன்னு தோணிச்சு, பயம் அடங்கிடுச்சு. மூணாவதை மறக்க எனக்கு வழியே இல்லாம போச்சு.

ஜூலை 22, காலை 6.45

க்ளினிக்கல்லயும் பயலாஜிக்கல்லயும் மிச்ச ஜோடியை வேகமா சொல்லிடறேன். அப்செஷன் விடாம திரும்பத் திரும்ப வர்ற எண்ணம், கம்பல்ஷன் திரும்பத் திரும்ப செய்யற செயல், ரெண்டும் சேர்ந்த நோய்தான் ஓசிடி. டெலூஷன் நம்பிக்கைல தப்பு, ஹாலுசினேஷன் புலன்ல தப்பு. ஓசிடி, 2013ல வந்த மனநோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5ல ஆங்சைட்டி டிஸார்டர்ஸை விட்டுத் தனி அத்தியாயத்துக்குப் போயிடுச்சு, பழைய புத்தகம் வச்சிருக்கறவங்க கவனிங்க. மூளைல பேச்சுக்கான ப்ரோக்கா பகுதி கெட்டா பேச்சு திக்கித் திணறும் ஆனா புரிதல் பெரும்பாலும் இருக்கும், வெர்னிக்கே கெட்டா பேச்சு சரளமா ஓடும், அர்த்தம் இருக்காது. அஃபெரன்ட் மூளைக்கு வர்ற சேதி, எஃபெரன்ட் மூளைல இருந்து போற கட்டளை. ஆகனிஸ்ட், நரம்புகளுக்கு நடுவுல சேதி கொண்டு போற நியூரோட்ரான்ஸ்மிட்டரோட வேலையைக் கூட்டும், ஆன்டாகனிஸ்ட் தடுக்கும்.

ஜூலை 27, இரவு 10.05

நீங்க சொந்தமா எழுதி அனுப்பின கேள்வியைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷமா இருந்துது. குழந்தை மிட்டாய் கேட்டு அடம் பிடிச்சு அழுது, அம்மா மிட்டாய் குடுத்துடறாங்க, அழுகை நிக்குது. அடுத்த தடவை குழந்தை இன்னும் சீக்கிரம் அழுது, அம்மாவும் இன்னும் சீக்கிரம் குடுக்கறாங்க. அம்மாவோட நடத்தைக்கு என்ன பேர்? பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னு விடை போட்டிருக்கீங்க.

அது குழந்தைக்கு. அழுதா மிட்டாய் வந்து சேருது, அழறது கூடுது. அம்மா பக்கம் வந்து அதே ரெண்டு கேள்வியைக் கேளுங்க. மிட்டாய் குடுத்த உடனே காதைப் பிளக்கற அழுகை விலகுது, குடுக்கற நடத்தை கூடுது. அதனால அம்மாவுக்கு நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். கேள்வி ரொம்ப நல்லா இருக்கு, விடையை மட்டும் மாத்திட்டு, ஆப்ஷன்ல ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வைங்க.